கம்பெனி தரும் தர்மத்தை எப்படி எடை போடுவது?

கேள்வி இது: "மருந்துக் கம்பெனிகளும் மருத்துவக் கருவிக் கம்பெனிகளும் கோடிக்கணக்கில் நன்கொடை தருவதாகச் சொல்கிறார்கள். அது நோயாளிக்கு உண்மையில் போய்ச் சேருகிறதா, இல்லை வரி மிச்சத்துக்கும் விளம்பரத்துக்குமான ஏற்பாடா? எங்கள் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனைக்கு ஒரு நிறுவனம் இரண்டு டயாலிசிஸ் இயந்திரங்கள் தர முன்வந்திருக்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?"

கொடுப்பவருடைய மனதுக்குள் என்ன இருக்கிறது என்று தேடிப் பயனில்லை. பெரிய நிறுவனங்களில் நல்ல எண்ணமும் கணக்கும் எப்போதும் கலந்துதான் இருக்கும். நான் இரண்டே விஷயங்களைப் பார்ப்பேன். என்ன தேவை, எவ்வளவு தேவை என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? கொடுப்பதை எப்போது நிறுத்தலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? இரண்டும் கம்பெனியின் கையிலேயே இருந்தால், அந்த நன்கொடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நோயாளிக்கு அதில் பாதுகாப்பு இல்லை. டயாலிசிஸுக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் சில வரலாறுகளைத் தெரிந்துகொண்டால் உங்கள் பேச்சுவார்த்தைக்கு உதவும்.

நன்றாக நடந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஆப்பிரிக்காவில் வேகமாக ஓடும் ஆறுகளை ஒட்டிய ஊர்களில் ஆற்றுக் குருட்டு நோய் என்று ஒன்று உண்டு. அந்த நீரோட்டத்தில் பெருகும் ஒருவகைக் கறுப்பு ஈ கடித்து, நுண்புழு உடம்பில் ஏறும். தோல் தாங்க முடியாமல் அரிக்கும், வருடங்கள் போகப் போகக் கண் போகும். நல்ல வளமான ஆற்றங்கரை நிலத்தை விட்டு ஊர் ஊராக மக்கள் வெளியேறியிருக்கிறார்கள்.

ஜப்பானின் கிட்டாசாட்டோ ஆய்வு நிறுவனத்தில் சதோஷி ஒமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரி, 1970-களில் அமெரிக்காவின் மெர்க் நிறுவன ஆய்வகத்துக்குப் போனது. அங்கே வில்லியம் கேம்பல் குழுவினர் அதிலிருந்து வந்த பொருள் புழுக்களைக் கொல்வதைக் கண்டார்கள். அதுதான் ஐவர்மெக்டின். முதலில் ஆடு, மாடு, குதிரைக்கான மருந்தாக 1981-ல் விற்பனைக்கு வந்து நல்ல லாபம் ஈட்டியது. மனிதருக்கும் உதவுமா என்று பார்க்கும் முதல் சோதனையை அதே ஆண்டு செனகலில் தொடங்கியவர் மெர்க்கில் வேலை பார்த்த, வங்கதேசத்தில் பிறந்த முகம்மது அஜீஸ். ஒமுராவுக்கும் கேம்பலுக்கும் 2015-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து வேலை செய்தது. ஆனால் அது யாருக்குத் தேவையோ அவர்களிடம் காசு இல்லை, அவர்களுடைய அரசுகளிடமும் இல்லை. அமெரிக்க அரசு அமைப்புகள் வாங்கித் தருமா என்று கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 1987 அக்டோபரில் அன்றைய தலைமை நிர்வாகி ராய் வாஜெலோஸ், எவ்வளவு தேவையோ அவ்வளவு, எத்தனை காலம் தேவையோ அத்தனை காலம் இலவசமாகத் தருவோம் என்று அறிவித்தார். நன்கொடை வரலாற்றில் இதைவிட முக்கியமான வாக்குறுதி எனக்குத் தெரியாது. அளவுக்கும் வரம்பு வைக்கவில்லை, காலத்துக்கும் வைக்கவில்லை. கால்நடை மருந்தில் ஆராய்ச்சிச் செலவு திரும்பி வந்துவிட்டதால்தான் இது அவர்களுக்குச் சாத்தியமானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதனால் வாக்குறுதியின் மதிப்பு குறைந்துவிடாது.

வாக்குறுதியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்து அவர்கள் செய்த காரியம். எந்த நாட்டுக்கு, எந்தத் திட்டத்துக்கு மருந்து போக வேண்டும் என்பதைக் கம்பெனியின் விற்பனைப் பிரிவு முடிவு செய்யவில்லை. பெரியம்மை ஒழிப்பில் முன்னணியில் நின்ற வில்லியம் ஃபேகி தலைமையில் வெளி நிபுணர்களின் குழு ஒன்று அமைக்கப்பட்டது. விண்ணப்பங்களைப் படித்து ஒப்புதல் தருவது அவர்கள் வேலை. கேமரூனில், லோவா என்ற வேறொரு கண் புழுவும் உடம்பில் அதிகமாக இருந்தவர்களுக்கு இந்த மருந்தால் மூளை பாதிப்பு வந்தபோது, எந்தப் பகுதியில் எப்படிக் கொடுப்பது என்று விதிகளைத் திருத்தவும் அந்த ஏற்பாடு இருந்தது. இலவசமாகக் கொடுத்தால்கூட, கெடுதல் நடந்தால் பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும்.

ஊருக்குள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மருந்து எடைக்கு ஏற்பத் தர வேண்டும், ஆனால் எல்லா ஊருக்கும் எடை பார்க்கும் கருவியைச் சுமந்துகொண்டு போக முடியாது. அதனால் ஓர் அளவுக் கோலைச் செய்தார்கள். ஆளை அதன் பக்கத்தில் நிறுத்தினால் போதும். 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு மாத்திரை கிடையாது. 90-லிருந்து 119 வரை ஒன்று, 120 முதல் 140 வரை இரண்டு, 158 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. கர்ப்பிணிகளுக்கும் கடுமையாக நோயுற்றவர்களுக்கும் இல்லை. கோலைப் பிடித்து நிற்பவர் அந்த ஊர்க்காரர். ஊர்க் கூட்டம் போட்டு மக்களே தேர்ந்தெடுத்தவர். எந்த மாதத்தில் கொடுப்பது, வீடு வீடாகவா ஒரே இடத்திலா என்பதையும் ஊரே முடிவு செய்கிறது. வளர்ந்த புழு 15 வருடம்வரை உடம்பில் வாழும். மாத்திரை அதன் குஞ்சுகளைத்தான் அழிக்கும். ஆகவே வருடா வருடம், விடாமல், பத்துப் பதினைந்து வருடம் கொடுத்தாக வேண்டும். மூன்று வருடத்தில் கொடையாளிக்கு அலுத்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். கொலம்பியா 2013-லும், எக்குவடோர் 2014-லும், மெக்சிகோ 2015-லும், குவாத்தமாலா 2016-லும் நோயை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. ஆப்பிரிக்காவில் முதல் நாடாக நைஜர் 2025 ஜனவரியில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. வாக்குறுதி கொடுத்து 37 வருடத்துக்குப் பிறகு!

இதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். யானைக்கால் நோய்க்கு அல்பெண்டசோல் மாத்திரையை இன்றைய ஜிஎஸ்கே 1998-லிருந்து தருகிறது. அதே நோய்க்கான டிஇசி மாத்திரையை ஜப்பானின் ஐசாய் நிறுவனம் நம் பக்கத்திலேயே, விசாகப்பட்டினம் ஆலையில் தயாரித்து உலக சுகாதார நிறுவனத்துக்கு இலவசமாகத் தருகிறது. தொழுநோய்க்கான கூட்டு மருந்தை 2000-லிருந்து நோவார்ட்டிஸ் தருகிறது. இலங்கை 2002 முதல் 2006 வரை ஐந்து சுற்று மாத்திரை கொடுத்து, பிறகு பல வருடம் கண்காணித்து, 2016-ல் யானைக்காலைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டது. அங்கே மாத்திரையை வீடு வீடாகக் கொண்டுபோனதும், பின்னால் ரத்தம் எடுத்துப் பரிசோதித்துக்கொண்டே இருந்ததும் அரசுச் சுகாதாரத் துறைதான். கம்பெனி நன்கொடை பலன் தந்த இடங்களில் எல்லாம் பின்னால் ஒரு பொது அமைப்பு நின்றிருக்கிறது.

இனி மறுபக்கம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மருந்து விஷயத்தில் பல்லைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. 1993-ல் லித்துவேனியாவுக்கு நன்கொடையாகப் போன குளோசன்டெல் என்ற மருந்தைக் கருப்பை அழற்சிக்கான மருந்து என்று நினைத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அது கால்நடைக்கான குடற்புழு மருந்து. 11 பெண்களுக்குத் தற்காலிகமாகக் கண்பார்வை போனது. போஸ்னியாப் போரின்போது 1992-லிருந்து 1996-க்குள் வந்து குவிந்ததில் சுமார் 17,000 டன் பயன்படாத அல்லது காலாவதியான பொருள். அதை அழிக்க ஆன செலவு 3.4 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். கொடுத்த கம்பெனிகளுக்கோ கிடங்கு காலியானது, வரிச் சலுகையும் கிடைத்தது. இதெல்லாம் நடந்த பிறகுதான் உலக சுகாதார நிறுவனம் 1996-ல் மருந்து நன்கொடைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பெறுபவர் கேட்டதைத்தான் கொடுக்க வேண்டும், வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருடம் காலாவதிக்கு மீதி இருக்க வேண்டும், உள்ளூர் மருத்துவருக்குப் புரியும் மொழியில் பெயர் எழுதியிருக்க வேண்டும். இவ்வளவு சாதாரணமான விஷயங்களை விதியாக எழுத வேண்டியிருந்தது என்பதே நிலைமை எப்படி இருந்தது என்பதைச் சொல்லும்.

குப்பையைத் தள்ளிவிடுவது கண்ணுக்குத் தெரிகிற தவறு. அதைவிடச் சிக்கலானது, நல்ல மருந்தையே கொடுத்து அதிக விலையைக் காப்பாற்றிக்கொள்வது. இதற்குச் சென்னையோடு நேரடித் தொடர்புள்ள வழக்கு ஒன்று இருக்கிறது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு உயிர் காக்கும் மருந்து கிளிவெக். நோவார்ட்டிஸ் தயாரிப்பு. இந்தியாவில் அன்று மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தை 8,000 முதல் 10,000 ரூபாய்க்குத் தந்தன. நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்டது; சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று போய், கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. வழக்கு நடந்த காலம் முழுக்க நிறுவனம் சொன்ன வாதம் ஒன்று உண்டு: எங்கள் மருந்தைச் சாப்பிடும் இந்திய நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு, 15,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு, இலவசமாகத்தானே கொடுக்கிறோம்?

அந்த இலவசத் திட்டத்தால் உயிர் பிழைத்தவர்கள் உண்மையானவர்கள். அதை நான் ஒருபோதும் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அதில் சேர விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, வருமானம் காட்ட வேண்டியிருந்தது, திட்டத்தில் பதிவான மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. மலிவு மருந்து இல்லாதிருந்தால், சேர்க்கப்படாத ஒருவருக்கு அடுத்த வழி மாதம் 1,20,000 ரூபாய்தான். பத்தாயிரம் ரூபாய் மருந்து கடையில் இருந்தால், நோயாளி யாருடைய தயவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அரசுக் காப்பீட்டில் சேர்ப்பதும் எளிது.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2016 அக்டோபரில் இதே காரணத்தைச் சொல்லி ஒரு பெரிய நன்கொடையை வேண்டாம் என்றது. ஃபைசர் தர முன்வந்தது நிமோனியாத் தடுப்பூசி, சுமார் 10 லட்சம் டோஸ். குழந்தைகளுக்கான தடுப்பூசியை வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கனமான முடிவு என்று யோசித்துப் பாருங்கள். எங்களுக்கு இனாம் வேண்டாம், எல்லோரும் வாங்கும்படி விலையைக் குறையுங்கள் என்றார்கள். கிரீஸில் அகதி முகாம்களுக்காக அவர்கள் ஒரு டோஸை 60 யூரோ கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த மாதமே, மனிதாபிமான அமைப்புகளுக்கு மிகக் குறைந்த உலக விலையில் தருவதாக ஃபைசர் அறிவித்தது, டோஸ் 3.10 டாலர். என் பார்வையில் அந்த மறுப்பு சரியானது. பத்து லட்சம் டோஸ் ஒருநாள் தீர்ந்துவிடும். விலைக் குறைப்பு மற்ற அமைப்புகளுக்கும், அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

அமெரிக்காவில் இது சட்டக் குற்றச்சாட்டு வரைக்கும் போனது. அங்கே மூத்த குடிமக்களுக்கான அரசுக் காப்பீட்டில் நோயாளி ஒரு பங்கு கட்ட வேண்டும். மருந்துக் கம்பெனி அந்தப் பங்கைத் தானே கட்டிவிடக் கூடாது என்பது சட்டம். கட்டினால் விலை எவ்வளவு ஏறினாலும் நோயாளிக்கு உறைக்காது, மீதி முழுவதும் அரசின் தலையில் விழும். ஆகவே பணம் அறக்கட்டளைகள் வழியாகப் போனது. 2015 கடைசியில் ஃபைசர் தன்னுடைய இதயத் துடிப்பு மருந்து ஒன்றின் விலையை 40 விழுக்காட்டுக்கும் மேல் ஏற்றிய அதே சமயத்தில், அந்த நோயாளிகளுக்கு உதவ ஓர் அறக்கட்டளையில் தனி நிதி உருவாக வழி செய்தது என்பது அமெரிக்க நீதித் துறையின் குற்றச்சாட்டு. பல மாதங்கள் அந்த நிதியில் உதவி பெற்றவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் அந்த மருந்தைச் சாப்பிடுபவர்களே. குற்றத்தை ஏற்காமல், 2018-ல் சுமார் 2.4 கோடி டாலர் கட்டி நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு யுனைடெட் தெரப்யூட்டிக்ஸ் இதேபோன்ற விவகாரத்தில் 21 கோடி டாலர் கட்டியிருந்தது.

வரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் நோயாளிகளுக்காகவும் ஏழைகளுக்காகவும் தன் சரக்கை நன்கொடையாகத் தரும் நிறுவனம், தயாரிப்புச் செலவுக்கு மேலாகவே, அதன் இரு மடங்கு வரைகூட, வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே அங்கே உங்கள் சந்தேகத்துக்கு அடிப்படை உண்டு. இந்தியாவில் நிலைமை வேறு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி தன் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். நாம் சி.எஸ்.ஆர். என்று சொல்கிறோமே, அதுதான். இந்தச் செலவை வியாபாரச் செலவாகக் காட்டி வரியில் கழிக்க முடியாது. 1961 வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் 80ஜி பிரிவில் கழிக்கலாமா என்பது தீர்ப்பாயங்களில் வழக்காக ஓடும் தனிக் கதை.

பலருக்குத் தெரியாத விதிகள் இன்னும் இருக்கின்றன. தன் பொருளுக்கு விளம்பரம் தேடும் நோக்கத்தில் செய்யும் செலவு சி.எஸ்.ஆர். ஆகாது. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவதும் ஆகாது. பொருளாகக் கொடுத்துவிட்டு அதற்கு ஒரு விலை போட்டு சி.எஸ்.ஆர். கணக்கில் எழுதவும் கூடாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மருத்துவர்களுக்குத் தங்கக் காசும் குளிர்பெட்டியும் கொடுப்பதைத் தர்மம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் அதையும் வியாபாரச் செலவாகக் கழிக்கக் கேட்டார்கள். சென்னையிலிருந்து போன வழக்கு ஒன்றில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது.

இப்போது உங்கள் இரண்டு இயந்திரங்கள்.

முதலில், கொடுப்பது யார்? இயந்திரம் தயாரிக்கும் அல்லது விற்கும் நிறுவனமா, இல்லை சம்பந்தமே இல்லாத சிமென்ட், மென்பொருள் கம்பெனியின் சி.எஸ்.ஆர். பணமா? தயாரிப்பாளரே தந்தால், எதை எதை அவரிடமே வாங்கியாக வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். டயாலிசிஸில் இயந்திரத்தின் விலை ஒரு தடவைச் செலவு. டயலைசர் என்ற வடிகட்டி, ரத்தக் குழாய்கள், ஊசி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், ஆசிட் கரைசல், பைகார்பனேட் கரைசல் எல்லாம் தினச் செலவு. ஒரே கம்பெனியின் பொருள்தான் பொருந்தும் என்றால், இலவச இயந்திரத்துக்கு நீங்கள் மாதா மாதம் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து தண்ணீர். நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரம் ஓடினால், ஒரு தடவைக்கு 120 லிட்டர் சுத்திகரித்த கரைசல் வேண்டும். சாதாரண ஆர்.ஓ. போதாது, டயாலிசிஸ் தரத்துக்கு அமைத்து, மாதந்தோறும் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். உங்கள் ஊர் உப்புத் தண்ணீர் என்றால் செலவு இன்னும் கூடும். நன்கொடைக் கடிதத்தில் இந்தச் சுத்திகரிப்பு அமைப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. மின்சாரம் நின்றால் தாங்க ஜெனரேட்டர், பயிற்சி பெற்ற டெக்னீஷியன், மேற்பார்க்க ஒரு சிறுநீரக மருத்துவர். ஹெபடைட்டிஸ்-பி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் வேண்டும். இரண்டில் ஒன்றை அதற்கு ஒதுக்கினால் மற்றவர்களுக்கு மிஞ்சுவது ஒன்றே.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு இரண்டு ஷிஃப்ட், வாரத்துக்கு ஆறு நாள் என்றால், இரண்டு இயந்திரத்தில் வாரத்துக்கு 24 தடவை. ஒருவருக்கு வாரம் மூன்று தடவை என்றால் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேர் உங்களை நம்பி வந்துவிட்ட பிறகு, ஒரு வருடம் கழித்து நிதி இல்லை என்று கதவைச் சாத்த முடியாது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடக்காவிட்டால் வாழ்நாள் முழுக்க அவர்கள் வந்தாக வேண்டும். மருத்துவக் கருவிகள் பற்றி 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 16 ஏழை நாடுகளிலிருந்து கிடைத்த பட்டியல்களைப் பார்த்து, சுமார் 40 விழுக்காடு கருவிகள் இயங்காமல் கிடப்பதாகச் சொன்னது. காரணம் பெரும்பாலும் பயிற்சியும், பராமரிப்பு ஏற்பாடும், அடிப்படை வசதியும் இல்லாததுதான். வேறு கருவி நின்றால் நோயாளி பக்கத்து ஊருக்குப் போவார். டயாலிசிஸ் நின்றால் சில நாள்தான் தாங்கும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அனுபவம் இங்கே பொருந்தும். கண்புரை அறுவைக்கான உள்விழி லென்ஸ்களை ஒரு காலத்தில் அவர்கள் அமெரிக்காவிலிருந்து வரும் நன்கொடையாகப் பெற்றார்கள். கொடுத்தவர்கள் நல்லவர்கள், லென்ஸும் நல்லது. ஆனால் நன்கொடை வரும் அளவுக்குத்தான் ஏழை நோயாளிக்கு லென்ஸ் வைக்க முடியும், காத்திருப்பவர்களோ ஆயிரக்கணக்கில். அதனால் 1992-ல் ஆரோலேப் என்ற ஆலையை மதுரையிலேயே தொடங்கித் தாங்களே தயாரித்தார்கள். வெளிநாட்டில் நூறு டாலர் அளவில் விற்ற லென்ஸ் பத்து டாலருக்கும், போகப் போக அதற்கும் கீழேயும் வந்தது. அதற்கு வேண்டிய தொழில்நுட்பத்தையும் தொடக்க உதவியையும் தந்தவர்களும் கொடையாளிகளே. லென்ஸாகக் கொடுத்துக்கொண்டே இருப்பதை விட்டு, லென்ஸ் செய்யும் திறனைக் கொடுத்தார்கள்.

நீங்கள் டயாலிசிஸ் ஆலை கட்டப் போவதில்லை. ஆனால் அதே மாதிரி கேட்கலாம்: ஒரு இயந்திரம் போதும், இன்னொன்றின் விலையைத் தண்ணீர்ச் சுத்திகரிப்புக்கும் டெக்னீஷியன் பயிற்சிக்கும் ஆண்டுப் பராமரிப்புக்கும் தாருங்கள் என்று. சி.எஸ்.ஆர். அதிகாரிகளில் பலர் இதை வரவேற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் தூசி படிந்த இயந்திரத்தின் மேல் தங்கள் கம்பெனிப் பெயர் இருப்பது பிடிக்காது. கேட்கத் தயங்குவது பெரும்பாலும் நாம்தான். தர்மம் கொடுப்பவரிடம் நிபந்தனை பேசலாமா என்ற கூச்சம். நீங்கள் பேசுவது அந்த எட்டுப் பேருக்காக.

விதியும் உங்கள் பக்கம் இருக்கிறது. சி.எஸ்.ஆர். விதிகளில் தொடர் திட்டம் என்று ஒரு வகை உண்டு: தொடங்கிய நிதியாண்டு போக, மேலும் மூன்றாண்டுகள் வரை நடத்தலாம். செலவாகாத தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைத்து அந்தக் காலத்துக்குள் செலவழிக்க வேண்டும். உங்கள் நன்கொடையை ஒருநாள் ஒப்படைப்பு விழாவாக முடிக்காமல், இந்த வகையில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு உங்கள் அறக்கட்டளை அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும். பணம் சி.எஸ்.ஆர். என்றால் சொத்து அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும், கம்பெனி பெயரில் அல்ல. நான்காவது ஆண்டுக்குப் பிறகு செலவு எங்கிருந்து வரும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும். உங்கள் மருத்துவமனை அதில் பட்டியலிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த விண்ணப்பத்தைப் போட்டு ஒப்புதல் வந்த பிறகே இயந்திரத்தை இறக்குங்கள்.